தோட்டத்துச் சுடுகாட்டில் இருக்கும் பெயர்கள்

தோட்டம் விட்டுப் பட்டணம் வந்த மலேசியத் தமிழ்க் குடும்பங்களின் பேரன் பேத்திகளுக்கு,



தீபாவளிக்கு முதல் நாள் உங்கள் வீட்டிலும் படையல் போடுவீர்கள். இறந்தவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்து, இலை போட்டு, புதுத்துணி வைத்து, படத்துக்கு மாலை சாத்திக் கும்பிடுவீர்கள். பெரும்பாலான வீடுகளில் படம் இருப்பது தாத்தா பாட்டி வரைக்கும்தான். அவர்களுக்கு முந்தியவர்களைப் பொதுவில் கூப்பிட்டுக் கற்பூரம் காட்டிவிடுகிறோம். அவர்கள் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எங்கே அடக்கம் செய்தோம் என்று கேட்டால் பதில் சொல்ல வீட்டில் ஒருவரோ இருவரோதான் மிச்சம் இருப்பார்கள். அவர்கள் நடமாட்டத்தோடு இருக்கும்போதே அவர்களைக் கூட்டிக்கொண்டு உங்கள் பழைய தோட்டத்துச் சுடுகாட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இந்த மடலை எழுதுகிறேன்.

பூர்வீக ஊரைக் கண்டுபிடிக்க வழி சொல்லுங்கள் டீச்சர் என்று என் பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். இப்போது அவர்களுடைய பிள்ளைகளும் கேட்கிறார்கள். சிலர் மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டி, தென்னிந்தியா என்ற விடைக்கு மேல் ஓர் அடியும் நகர முடியாமல் நிற்கிறார்கள். சிலர் திருச்சிக்கு விமானம் ஏறிப்போய், யாரை விசாரிப்பது என்று தெரியாமல் நான்கு கோயில்களைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். எல்லாருக்கும் நான் சொல்வது ஒன்றுதான். தமிழ்நாட்டுக்குப் போவதற்கு முன்னால் தோட்டத்துக்குப் போங்கள்.

தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை இந்தியாவிலிருந்து போன 1,52,184 ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு எண் உண்டு. எந்தக் கப்பல், தகப்பன் பெயர், வயது, ஊர், தாலுக்கா, ஜில்லா என்று பதிவேட்டில் எழுதிவைத்தார்கள். டர்பனில் இருக்கும் ஒரு தமிழ்ப் பிள்ளை கொள்ளுத்தாத்தாவின் எண்ணைப் பிடித்துக்கொண்டே ஊர்வரைக்கும் போய்ச் சேரலாம். நமக்கு அந்த வாய்ப்பு இல்லை. மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளாக ஆள் எடுப்பது 1910இல் நின்றது. அதன் பிறகு வந்த பெருங்கூட்டம் கங்காணிகள் கூட்டி வந்த கூட்டம். 1907இல் ஏற்படுத்திய குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றுக்கொண்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறியவர்கள் பினாங்கிலோ போர்ட் சுவெட்டன்ஹாமிலோ இறங்கினார்கள். 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை இது நடந்தது. இப்படி வந்தவர்களை ஆள் ஆளாகத் தேடிப்பார்க்க நேட்டாலில் இருப்பதுபோல் ஒரு பதிவேடு நம் கையில் இல்லை. தோட்டத்து ஆபீசில் இருந்த செக்ரோல் என்ற ஆட்பதிவுப் புத்தகங்கள் தோட்டம் கைமாறும்போதெல்லாம் குப்பைக்குப் போயின. அடையாள அட்டையே 1948இல், அவசரகாலம் தொடங்கிய பிறகுதான் வந்தது. அதற்கு முன் கண்மூடியவர்களுக்கு ஐசி கிடையாது, படம் கிடையாது. பல குடும்பங்களில் அவர்களுடைய பெயர் எழுத்தில் இருக்கும் ஒரே இடம் சமாதிக் கல்தான்.

கங்காணி முறையால் நம் ஆட்கள் பட்ட கடனும் அடியும் கொஞ்சமல்ல. ஆனால் தேடுகிறவர்களுக்கு அது ஒரு தடயத்தை விட்டுவைத்திருக்கிறது. கங்காணி தன்னுடைய ஊரிலும் சுற்றுப்பட்டிலும் சொந்தபந்தத்திலும்தான் ஆள் சேர்ப்பார். சேர்ந்து வந்தவர்களை ஒரே லயத்தில் குடிவைத்தார்கள். செத்த பிறகும் அவர்கள் பக்கத்தில் பக்கத்திலேயே அடக்கமானார்கள். ஆகையால் உங்கள் குடும்பத்துக் கல்லை மட்டும் கும்பிட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். இரண்டு பக்கத்துக் கற்களையும், முன்வரிசை பின்வரிசைக் கற்களையும் படியுங்கள்.

என் பூட்டியின் ஊர் எங்களுக்குக் கிடைத்தது அப்படித்தான். கீழ்ப் பேராக்கில் ஒரு தோட்டம். ஒருகாலத்தில் ரப்பர், இன்றைக்கு முழுக்கச் செம்பனை. சுடுகாடு தோட்டத்தின் கடைசி எல்லையில் ஆற்றை ஒட்டி இருக்கிறது. லாலான் புல் இடுப்பளவு நின்றது. பூட்டியின் சமாதியில் இருப்பது ஒரு முழ நீளச் சிமெண்டுப் பலகை. ஈரம் காயும் முன்னே யாரோ ஆணியால் எழுதியிருக்கிறார்கள். உச்சியில் பிள்ளையார் சுழி. அதன் கீழே பெயர். பெயருக்குக் கீழே ‘தாது ௵ தை ௴ ௧௨ ௳’. அடுத்த வரியில் ஊர் இருந்திருக்கிறது. சிமெண்டு பெயர்ந்து முன்பாதி போய்விட்டது, ‘பட்டி’ மட்டும் மிச்சம். கடைசி வரியில் ‘முசிரி தாலுக்கா’. முசிறி தாலுக்காவில் பட்டி என்று முடிகிற ஊர்களுக்கா பஞ்சம்? இடப்பக்கம் நான்கடி தள்ளி இன்னொரு பலகை, அதே ஆணி எழுத்து, அதே சாய்வு. எங்களுக்கு உறவில்லாத ஓர் ஆளுடையது. அதில் ஊர்ப் பெயர் முழுசாக இருந்தது, தாலுக்காவும் அதேதான். தமிழ்நாட்டில் அந்த ஊருக்குப் போய் எங்கள் குலதெய்வத்தின் பெயரைச் சொன்னதும், இன்ன தெருவில் இன்னார் உங்கள் பங்காளி என்று அங்கிருந்த பெரியவர்களே கைகாட்டினார்கள்.

குலதெய்வத்தைச் சொன்னதால் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். சுடுகாட்டுக்குப் புறப்படும் முன்பே வீட்டுப் பெரியவர்களிடம் குலதெய்வத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊர்ப் பெயர் கல்லில் பேச்சு வழக்குப்படி எழுதப்பட்டிருக்கும், தேய்ந்திருக்கும், பத்திரத்தில் கிராணியின் கைக்கு வந்தபடி உருமாறியிருக்கும். குலதெய்வம் அப்படி மாறுவதில்லை. தமிழ்நாட்டுக் கிராமத்தில் நூறு வருஷத்துக்கு முன் கடல் கடந்து போன ஒருவரின் பெயரை யாரும் நினைவில் வைத்திருக்கமாட்டார்கள். கோயிலுக்கு வரி கொடுக்கிற வகையறாக்களை எல்லாருக்கும் தெரியும்.

கல்லில் எழுதியிருப்பதைப் படிக்க உங்களுக்குக் கொஞ்சம் பயிற்சி வேண்டும். ௵ என்பது வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ௧௯௩௭ என்று இருந்தால் அது 1937. உங்கள் பள்ளிப் புத்தகத்தில் பார்த்திராத எழுத்துகளும் இருக்கும். 1978இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தைக் கொண்டுவரும் வரை ணை, லை, ளை, னை நான்கையும் மேலே தும்பிக்கை வைத்தாற்போல் எழுதுவார்கள். ணா, றா, னா மூன்றும் அடியில் சுழிந்திருக்கும். உங்கள் தாத்தாவோ பாட்டியோ அதை ஒரே பார்வையில் படித்துவிடுவார்கள்.

தமிழ் வருஷப் பெயர்கள் அறுபது. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். தாது வருஷப் பஞ்சம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அது 1876-77. அடுத்த தாது 1936-37. ரப்பர் தோட்டத்துச் சுடுகாட்டில் தாது என்று இருந்தால் அது இரண்டாவது தாது என்று எடுத்துக்கொள்ளலாம். ரப்பர் இந்த நாட்டில் வணிகப் பயிரானதே 1890களின் கடைசியில்தான். வருஷம் சித்திரையில் பிறப்பதால் தை, மாசி, பங்குனி மாதங்கள் அடுத்த ஆங்கில ஆண்டுக்குள் விழும். என் பூட்டி இறந்த தாது வருஷத்துத் தை மாதம் 12ஆம் தேதி என்பது 1937 ஜனவரியின் கடைசி வாரம். இப்படித் தேதியும் வட்டாரமும் கைக்கு வந்துவிட்டால் தேசியப் பதிவுத் துறைக்குப் போய் இறப்புப் பதிவைத் தேடச் சொல்லிக் கேட்கலாம். வெறும் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு போனால், ஒரே பெயரில் எத்தனை முனியம்மா, எத்தனை ராமசாமி!

ஜில்லாப் பெயரை நம்பி இன்றைய வரைபடத்தில் தேடாதீர்கள். சேலம் ஜில்லா நாமக்கல் தாலுக்கா என்று கல்லில் இருந்தால், நாமக்கல் 1997 முதல் தனி மாவட்டம். வட ஆற்காடு, தென் ஆற்காடு என்ற பெயர்களில் இன்று மாவட்டமே இல்லை. தஞ்சாவூர் ஜில்லா என்று எழுதியிருந்தால் அந்த ஊர் இப்போது நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ மயிலாடுதுறையிலோ இருக்கலாம். தாலுக்காவைப் பிடித்துக்கொண்டால் வழி தவறாது.

யாரைக் கூட்டிக்கொண்டு போவது என்பதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நம் வழக்கத்தில் பெண்கள் சாவு வீட்டிலிருந்து தெருமுனை வரைக்கும்தான் வருவார்கள். பாடைக்குப் பின்னால் போனவர்கள் ஆண்கள். அதனால் தாத்தாக்களுக்கு இடம் தெரியும். எந்த மேட்டில், எந்த வரிசையில் என்று காட்டுவார்கள். பாட்டிகளுக்கு ஆள் தெரியும். யார் யாருக்கு என்ன முறை, எந்த வருஷம், என்ன காய்ச்சல், பிள்ளை பெற்று எத்தனையாவது நாள், கருமாதிக்கு யார் தாய்மாமன் முறைக்கு வந்து நின்றார் என்பதெல்லாம் அவர்கள் மனதில் இருக்கிறது. இரண்டு பேரும் ஒன்றாக வந்து நின்றால்தான் ஒரு சமாதி முழுசாகப் பேசும். பெண்கள் அங்கே வரலாமா என்று யாராவது தடுத்தால், தீபாவளிக் காலையில் மயானத்துக்குப் போய்ப் பூப்போட்டுக் கும்பிடுகிற பெண்கள் இந்த நாட்டில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். நானும் ஒரு பெண். என்னைத் தெய்வம் எதுவும் கோபித்துக்கொள்ளவில்லை.

உங்கள் சொந்தக்காரர்களைவிட முக்கியமான ஆள் ஒருவர் உண்டு. தோட்டத்தில் குழி வெட்டியவர், அவர் இல்லையென்றால் அவருடைய பிள்ளைகள். எங்கள் தோட்டத்துச் சுடுகாட்டில் எந்தச் சமாதி யாருடையது என்று கல்லே இல்லாத இடங்களைக்கூட நடந்து காட்டியவர் குழி வெட்டியவரின் மகன். எழுபது வயதைத் தாண்டியவர். பத்து வயதிலிருந்து அப்பாவுக்கு மண்வெட்டி எடுத்துக் கொடுத்தவர். ஒரு குழி பழைய குழியில் இடித்துவிடக் கூடாதே என்பதற்காகவே அவருடைய அப்பா ஒவ்வொன்றையும் மனதில் வைத்திருந்தாராம். தோட்டத்து வரலாற்றை எழுதியவர்கள் துரையைப் பற்றிக் கேட்டார்கள், கிராணியைக் கேட்டார்கள், தலைவாத்தியாரைக் கேட்டார்கள், சங்கத் தலைவரைக் கேட்டார்கள். இவர் வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. சாவுக்குப் பறை அடித்தவரும் குழி வெட்டியவரும் லயத்தின் கடைசிக் கதவில் குடிவைக்கப்பட்டவர்கள் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. நீங்கள் அவர்களிடம் முதலில் போங்கள். ஐயா என்று கூப்பிட்டுப் பேசுங்கள். போகும்போது பழமும் வேட்டியும் வாங்கிக்கொண்டு போங்கள். அவர் சொல்வதை எழுதும்போது அவர் பெயரையும் எழுதுங்கள்.

சாதியைப் பற்றிப் பேசாமல் இந்த மடலை முடித்தால் அது பொய்யான மடல் ஆகிவிடும். பல தோட்டங்களில் சுடுகாட்டிலும் வரப்பு இருந்தது. இந்தப் பக்கம் இன்னார், அந்தப் பக்கம் இன்னார். சில கற்களில் கவுண்டர், படையாச்சி, பிள்ளை என்று பெயரோடு சாதி ஒட்டிக்கொண்டிருக்கும். சில பெயர்கள் ஒட்டு எதுவும் இல்லாமல் இருக்கும். தேடப் போகிற உங்களில் சிலருக்கு, வீட்டில் இதுவரை சொல்லாமல் வைத்திருந்த ஒன்று தெரியவரும். வரப்பைத் தாண்டிக் கல்யாணம் செய்துகொண்ட பாட்டி ஒருத்தி இருந்திருப்பாள். தாத்தா கப்பலில் ஏறும்போது ஒரு பெயரும் இறங்கும்போது இன்னொரு பெயருமாக வந்திருப்பார். பெரியவர்கள் சொல்லத் தயங்கினால் வற்புறுத்தாதீர்கள். தெரியவந்ததை மறைக்கவும் வேண்டாம், அதை வைத்துப் பெருமை பேசவும் வேண்டாம். பெருமை பேசுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை. மலேரியாவும் பசியும் எந்தப் பக்கத்து வரப்பையும் விட்டுவைக்கவில்லை.

மலேரியாவைச் சொன்னேன். 1900களின் தொடக்கத்தில் காட்டை அழித்துத் தோட்டம் போட்ட வருஷங்களில் புதிதாக வந்தவர்கள் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். கிள்ளானில் டாக்டர் மால்கம் வாட்சன் சதுப்பு நிலத்துக்கு வடிகால் வெட்டிக் கொசுவை ஒழித்துக் காட்டினார். எல்லாத் தோட்டங்களும் அதைப் பின்பற்றுவதற்குள் பல்லாயிரம் உயிர்கள் போய்விட்டன. அந்தக் காலத்துச் சமாதிகளுக்குக் கல் இருக்காது. ஒரு மரக்கட்டை நட்டிருப்பார்கள், கறையான் தின்றிருக்கும். பிறந்து சில நாளில் போன பிள்ளைகளுக்கு அதுவும் கிடையாது. தாய்மார்கள் ஏதாவது ஒரு செடியை நட்டு அடையாளம் வைத்துக்கொண்டார்கள். அதனால் கல் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள், செடியைப் பாருங்கள். செம்பனைக் காட்டின் நடுவே ஒரு துண்டு நிலத்தில் மட்டும் செம்பனை இல்லாமல் அரளியும் செம்பருத்தியும் கெம்போஜாவும் காடாக வளர்ந்திருந்தால், அது யாரோ கையால் நட்டது. கூட வந்திருக்கும் பாட்டியைக் கேளுங்கள். எங்கள் அப்பாயி ஒரு செம்பருத்திப் புதருக்கு முன்னால் நின்று, “இது உங்க பெரியத்தை, நட்சத்திரம் பார்த்துப் பேர் வைக்கிறதுக்குள்ளாற போயிட்டா” என்று சொன்னார். அதுவரை அப்பாவுக்கு ஓர் அக்கா இருந்தது எங்களில் யாருக்கும் தெரியாது. பெயரில்லாத அந்தப் பெரியத்தையும் இப்போது எங்கள் வம்சப் பட்டியலில் இருக்கிறார்.

பெண்களின் கற்களைப் படிக்கும்போது கவனமாக இருங்கள். இன்னார் மனைவி என்று மட்டும் எழுதியிருக்கும், அவளுடைய பெயர் இருக்காது. அங்கேயே நின்று பாட்டியிடம் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

சித்திரபானு, சுபானு என்ற இரண்டு வருஷங்களில் ஒன்று எந்தக் கல்லில் தெரிந்தாலும் அங்கே நில்லுங்கள். 1942 சித்திரை முதல் 1944 பங்குனி வரை உள்ள காலம் அது. ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டு 1943 அக்டோபரில் முடித்தான். மலாயாவிலிருந்து அங்கே கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பகுதி தோட்டத்துத் தமிழர்கள். காஞ்சனபுரியில் இருக்கும் போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 நேச நாட்டுச் சிப்பாய்கள் வரிசையாகத் துயில்கிறார்கள். பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயரோடு, பெயர் தெரியாதவர்களுக்கு அதுவும் குறிப்பிட்டு, தலைமாட்டில் தகடு பதித்திருக்கிறார்கள். நம் ஆட்கள் காட்டிலும் ஆற்றங்கரையிலும் கும்பலாகப் புதைக்கப்பட்டார்கள்; ஆளுக்கொரு பெயர்ப் பலகை இல்லை. 2023இல்தான் அவர்கள் எல்லாருக்குமாகக் காஞ்சனபுரியில் ஒரு நடுகல் நாட்டினார்கள். சயாமுக்குப் போய்த் திரும்பாதவர் உங்கள் வீட்டில் இருந்தால் அவரைத் தேட எந்தச் சுடுகாடும் கிடையாது. ஆனால் அவர் விட்டுப் போன மனைவியும் பிள்ளைகளும் தோட்டத்தில் அடக்கமாகியிருப்பார்கள். அந்தக் கற்களில் அவர் பெயர் தகப்பனாகவோ புருஷனாகவோ இருக்கும். இறந்த நாள் தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் திதி கொடுக்கலாம் என்று நம் பெரியவர்கள் வழி வைத்திருக்கிறார்கள். பெயராவது சொல்லிக் கொடுங்கள்.

கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு வேலை சற்று எளிது. தோட்டத்துக்குப் பக்கத்துப் பட்டணத்தில் இருந்த கோயிலில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு வைத்திருப்பார்கள். பங்குச் சாமியாரைப் போய்ப் பாருங்கள். தமிழ் முஸ்லிம் குடும்பங்களில் மீசான் கல்லில் எழுத்தே இல்லாமல் இருக்கலாம். அங்கே பள்ளிவாசல் பெரியவர்கள்தான் வழி.

இனி அவசரத்துக்கான காரணத்துக்கு வருகிறேன். தோட்டத்துச் சுடுகாடு பெரும்பாலும் தோட்டத்தின் கெரானுக்குள்ளேயே, அதாவது நிலப்பட்டாவுக்குள்ளேயே, அடங்கியது. அரசு மயானத்துக்கென்று ஒதுக்கிக் கெஜட்டில் போட்ட நிலம் வேறு, இது வேறு. தோட்டம் விற்கப்படும்போது சுடுகாடும் சேர்ந்து விற்கப்படுகிறது. செம்பனைக்கு இருபத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை மறுநடவு. ஒவ்வொரு மறுநடவிலும் புல்டோசர் ஓரத்தில் ஒரு வரிசையைத் தின்றுவிடுகிறது. எங்கள் சுடுகாட்டின் தெற்கு ஓரம் அப்படித்தான் போனது. தோட்டமே நகரமாகிவிட்டால் கேட்கவே வேண்டாம். புத்ராஜெயா நிற்கிற நிலத்தில் பிராங் பெசார் தோட்டமும் அதைச் சுற்றிய தோட்டங்களும் இருந்தன; அங்கே வேலை செய்த குடும்பங்களைத் டெங்கிலுக்கு மாற்றினார்கள். சுபாங் ஜெயா எழுந்தது சீபீல்டு தோட்டத்தில். பண்டார் உத்தாமா எபிங்காம் தோட்டத்தில். அந்த லயங்களில் பிறந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று எந்த அடையாளத்தை வைத்துத் தேடுவார்கள்?

சிங்கப்பூரில் பிடாடாரி மயானத்தை 1972இல் மூடினார்கள். 2001இல் வீடு கட்டுவதற்காகக் கல்லறைகளைத் தோண்டத் தொடங்கியபோது அறிவிப்புக் கொடுத்தார்கள். எங்கே யார் என்று பதிவேடு இருந்தது, குடும்பங்கள் வந்து உரிமை கோரின. நிலம் போயும் பெயர் போகவில்லை. தோட்டத்துச் சுடுகாட்டுக்கு அப்படிப் பதிவேடு எழுத யாரும் வரப்போவதில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

போகிற முறையையும் சொல்லிவிடுகிறேன். முதலில் தோட்டத்து ஆபீசில் அனுமதி கேளுங்கள். முன்னோர் சமாதியைக் கும்பிடப் போகிறோம் என்று மரியாதையாகச் சொன்னால் மேனேஜர்கள் அநேகமாக மறுப்பதில்லை, காவலாளியையும் கூட அனுப்புவார்கள். தனியாகப் போகாதீர்கள்; முழங்கால் வரை பூட்ஸ் போடுங்கள், புல்லுக்குள் பாம்பு இருக்கும். புல்வெட்டும் இயந்திரத்தைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள், ஓரத்தைக் கையால் அரியுங்கள். கல்லைக் கழுவச் சுத்தமான தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும். கம்பி பிரஷ், ஆசிட், குளோராக்ஸ் எதுவும் வேண்டாம். எண்பது வருஷம் மழைக்குத் தாக்குப்பிடித்த ஆணி எழுத்து ஒரு தேய்ப்பில் போய்விடும். தேய்ந்த எழுத்தைப் படிக்க உச்சி வெயில் உதவாது. காலை எட்டு மணிக்கோ மாலை ஐந்தரைக்கோ வெயில் பக்கவாட்டில் விழும்போது, பள்ளமெல்லாம் நிழல் கட்டி எழுத்து எழுந்து நிற்கும். நிழலான இடமென்றால் ஒருவர் டார்ச் விளக்கைக் கல்லின் ஓரத்திலிருந்து சாய்த்துப் பிடிக்கட்டும், மற்றவர் படம் எடுக்கட்டும். சமாதி முழுவதும் தெரிய ஒரு படம், எழுத்து மட்டும் ஒரு படம், பக்கத்துச் சமாதிகளோடு சேர்த்து ஒரு படம். கைப்பேசியில் இடக்குறியைச் சேமியுங்கள். அதோடு ஒரு நோட்டில் ஆறு எந்தப் பக்கம், முனியாண்டி கோயில் எந்தப் பக்கம், எத்தனை அடி தள்ளி என்று கையால் வரைந்துகொள்ளுங்கள். கல்லில் உள்ளதை உள்ளபடியே எழுதுங்கள். ஊர்ப் பெயர் பிழையாக இருக்கிறதே என்று திருத்தாதீர்கள். அந்தப் பிழையைத்தான் உங்கள் பூட்டன் அப்படி உச்சரித்திருப்பார். பெரியவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். அவர்கள் களைத்துவிட்டால் நிறுத்திவிட்டுச் சாப்பாடு போடுங்கள்.

சொந்தக் குடும்பத்தோடு நிற்காதீர்கள் என்பது என் பெரிய வேண்டுகோள். ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள் இப்போது வாட்சாப் குழுக்களில் கூடுகிறீர்கள், வருஷத்துக்கு ஒரு விருந்து வைக்கிறீர்கள், பழைய பள்ளிப் படங்களைப் பகிர்ந்துகொள்கிறீர்கள். இந்த வருஷம் விருந்துக்குப் பதிலாக ஒருநாள் சுடுகாட்டுக்குச் சேர்ந்து போங்கள். எத்தனை சமாதி இருந்தாலும் எல்லாவற்றையும், உறவு இருக்கிறதோ இல்லையோ, வரப்பின் இரண்டு பக்கமும் எழுதி எடுங்கள். அதை ஒரு சிறு புத்தகமாக அச்சடித்து, தோட்டத்துப் பெயரைத் தாங்கி நிற்கும் தமிழ்ப்பள்ளிக்கு ஒரு படி, கோயிலுக்கு ஒரு படி, மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கு ஒரு படி, தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு படி கொடுங்கள். நாளைக்கு நிலம் கைமாறும்போது இங்கே சுடுகாடு இருந்ததா என்று கேட்டால், இத்தனை பேர் பெயரோடு இருக்கிறார்கள் என்று மேசைமேல் எடுத்து வைக்க அந்தப் புத்தகம் வேண்டும். பட்டியல் இல்லாமல் மனுக் கொடுத்த தோட்டங்களின் கதி என்ன ஆனது என்று எனக்குத் தெரியும்.

உங்கள் தாத்தா பாட்டி பெயரோடு தோட்டத்தின் பெயரை இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள். இந்த வார இறுதிக்குள் தோட்டத்து ஆபீசுக்குப் போன் போட்டு மறுநடவு எந்த வருஷம் என்று கேளுங்கள். மரம் சாய்க்கத் தொடங்கிவிட்டால் வெளி ஆட்களை உள்ளே விடமாட்டார்கள். அதற்கு முன்னால் போய் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
தோட்டத்தில் பிறந்து தோட்டத்துப் பள்ளியிலேயே வாத்தியார் வேலை பார்த்த உங்கள் டீச்சர்